ட்ரெய்லருக்கு மட்டும் ஒரு பிரேக்

அந்தக் குடும்பத்தில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: பிரேக்கம்மா. வைத்த புண்ணியவான் கணவனின் அண்ணன், கல் பட்டறையின் முதலாளி. பெயர் வைப்பதில் அவர் காட்டிய சாமர்த்தியத்தில் பாதியைப் பாரம் ஏற்றுவதில் காட்டியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. புதிதாக ஓர் ஆள் வந்துவிட்டால் போதும், "எங்க பிரேக்கம்மா கதை தெரியுமா உங்களுக்கு?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்களும் கூடச் சேர்ந்து சிரிப்பார்கள், சம்பளம் கொடுப்பவர் சிரிக்கிறாரே. நாமும் அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டால் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும். அவள் என்றே சொல்வோம்.

பட்டறையில் கிரானைட் பலகைகளை அறுத்து மெருகேற்றி, சமையல் மேடைக்கும் மாடிப்படிக்கும் கொடுப்பார்கள். அறுப்பது அண்ணன் பொறுப்பு, கொண்டுபோய்ச் சேர்ப்பது தம்பி பொறுப்பு. தம்பியிடம் ஒரு பிக்கப் வண்டி, அதன் பின்னால் ஒரு ட்ரெய்லர், பக்கத்து இருக்கையில் அவள். ஆரம்பத்தில் அவள் ஏறியது வாடிக்கையாளர்களிடம் பேசுவதற்காகத்தான். நான் சொன்ன நிறம் இதில்லை, குழாய்க்கு ஓட்டை இந்தப் பக்கம் கேட்டேன், அந்தப் பக்கம் போட்டிருக்கிறீர்கள் என்று கிளம்பும் சண்டைகளை அவளால்தான் ஆற்ற முடியும். கணவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். போகப்போக வண்டிக்குள்ளும் ஒரு வேலை அவள் கைக்கு வந்து சேர்ந்தது.

ட்ரெய்லருக்கு எஞ்சின் கிடையாது, சொந்த புத்தியும் கிடையாது. இழுக்கிற வண்டி நின்றாலும் பின்னால் வருகிற கல்லுக்கு நிற்கத் தோன்றாது. வந்த வேகத்தில் முன்வண்டியை முட்டித் தள்ளும். அதனால் அதன் சக்கரங்களுக்கென்று தனியாக மின்சார பிரேக். ஒவ்வொரு சக்கரத்தின் டிரம்முக்குள்ளும் குளியல் சோப்பு அளவில் ஒரு காந்தம் இருக்கும். மின்சாரம் வராதவரை சும்மா கிடக்கும். வந்ததும் சுற்றுகிற டிரம்மைக் கப்பென்று கவ்விக்கொள்ளும். கவ்வியதை டிரம் சும்மா விடுமா? தன்னோடு இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும். அந்த இழுப்பில், காந்தத்தைத் தாங்கும் இரும்புக் கை நகரும், கை நகர்ந்தால் பிரேக் கட்டைகள் விரிந்து டிரம்மை உள்ளிருந்து அழுத்தும், சக்கரம் அடங்கும். மின்சாரம் கூடினால் பிடி கூடும், குறைந்தால் பிடி தளரும்.

எவ்வளவு மின்சாரம் அனுப்புவது என்று தீர்மானிக்க ஒரு சின்னப் பெட்டி உண்டு. கன்ட்ரோலர் என்பார்கள். அந்த வண்டியில் அதை டாஷ்போர்டுக்கு அடியில், இரண்டு இருக்கைக்கும் பொதுவாக நடுவில் திருகியிருந்தார்கள். ஓட்டுகிறவர் பிரேக்கை மிதித்தால், வண்டியின் வேகம் எவ்வளவு சட்டென்று தணிகிறது என்பதைப் பெட்டி தானே உணர்ந்து அதற்குத் தக்கபடி பின்னால் மின்சாரம் அனுப்பும். ஆனால் ட்ரெய்லரில் ஏறியிருப்பது நாலு பலகையா பதினாலா என்று அதற்குத் தெரியாது. அதை மனிதர்தான் சொல்லவேண்டும், விரலால் உருட்டும் ஒரு சின்னச் சக்கரத்தின் வழியாக. வெறும் ட்ரெய்லருக்குக் கூட்டி வைத்தால் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு தரையைத் தேய்த்துக்கொண்டு வரும். முழுப் பாரத்துக்குக் குறைத்து வைத்தால் பின்னாலிருந்து யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். பெட்டியில் ஒரு லீவரும் உண்டு. அதைத் தள்ளினால் முன்வண்டி பிரேக் பிடிக்காது, ட்ரெய்லர் மட்டும் பிடிக்கும். வம்பெல்லாம் இந்த லீவரால் வந்தது.

ஒவ்வொரு தடவை பாரம் ஏற்றியதும், பட்டறை வாசலைத் தாண்டி கிடங்குச் சுவரை ஒட்டிய சமமான சாலையில் அவன் வண்டியை மெதுவாக உருட்டுவான். அவள் லீவரைத் தள்ளிப் பார்ப்பாள். பின்னால் காந்தங்கள் முனகுவது கேட்கும். சக்கரம் பூட்டிக்கொண்டால் குறைப்பாள், உருண்டுகொண்டே போனால் கூட்டுவாள். பூட்டுவதற்குக் கொஞ்சம் முந்தின இடம் கிடைக்கும்வரை விடமாட்டாள்.

"ஆச்சா?" என்பான்.

"ஆச்சு, போங்க" என்பாள்.

அவர்கள் இரண்டு பேரும் சண்டை போடாமல் பேசிக்கொண்ட பேச்சில் பெரும்பகுதி இதுதான். அவளுக்கு அது பிடித்திருந்தது. வண்டி ஓட்டவும் கற்றுக்கொண்டாள். ட்ரெய்லர் இழுக்கிற லைசென்ஸுக்கு மனு போடப் போவதாக ஓரகத்தியிடம் சொன்னபோது, "உனக்கு எதுக்குடி இந்த வேண்டாத வேலை" என்று ஓரகத்தி சொன்னாலும் குரலில் பொறாமை இருந்தது.

பிறகு அந்த நாள் வந்தது. ஒரு ஓட்டலின் வரவேற்பு மேடைக்கு ஒரே பலகையாக நீளக் கல். அன்றைக்குப் பாரம் ஏற்றியது மூத்தவரே. முதலில் இறக்கவேண்டியது அந்தக் கல்தான், கடைசியில் வைத்தால் இறக்கச் சுலபம் என்று ட்ரெய்லரின் வால்பக்கம் வைக்கச் சொல்லிவிட்டார். கொக்கியில் மாட்டும் முன்பக்கம் பாரமே இல்லாமல் மேலே எழும்பி நின்றது. வால் கனத்தால் ட்ரெய்லர் ஆடும். அந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் இது தெரியும், மூத்தவர் உட்பட. ஆனால் அவருக்கு அவசரம்.

"மூக்கு தூக்கிக்கிட்டு நிக்குது மாமா. பின்னாடி கனம் ஜாஸ்தி" என்றாள் அவள்.

"கல்லை எங்க வெக்கணும்னு எனக்கே பாடமா? நீ போய் அந்தப் போர்வைய எல்லாம் மடிச்சு வை, போ."

கணவன் பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். காதில் விழாத மாதிரி இன்னும் ஒரு முடிச்சுப் போட்டான். அண்ணன் முன்னால் அவனுக்கு எப்போதும் காது கொஞ்சம் மந்தம்.

ஊரைத் தாண்டிய நீண்ட இறக்கத்தில் ஒரு லாரி உரசுகிற மாதிரி அவர்களைக் கடந்து போனது. அதன் காற்றில் ட்ரெய்லர் லேசாக அசைந்தது. அடுத்த அசைவு பெரிதாக வந்தது, அதற்கடுத்தது ஸ்டியரிங்கையே பிடுங்கியது. கண்ணாடியில் பார்த்தால் ட்ரெய்லர் இந்தப் பக்கம் தெரிந்தது, உடனே அந்தப் பக்கம் தெரிந்தது. அவனுக்கு உயிர் கையில் இல்லை. இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்துக் காலால் பிரேக்கை மிதித்தான். செய்யக்கூடாதது அது ஒன்றுதான். முன்வண்டி அடங்க அடங்கப் பின்பாரம் முட்டும், முட்ட முட்ட ஆட்டம் கூடும்.

"காலை எடுங்க! காலை எடுங்க!" என்று கத்திக்கொண்டே அவள் குனிந்து லீவரைத் தள்ளினாள். நெளிகிற கயிற்றின் நுனியைப் பிடித்து இழுத்தால் கயிறு நேராவது போல, பின்னால் பிடித்த பிடியில் ட்ரெய்லர் இழுபட்டு நேரானது. இன்னும் ஒரு முறை தயங்கி அசைந்தது. பிறகு ஒழுங்காகப் பின்னால் வந்தது. ஓரம் கட்டி நிறுத்தினார்கள். இறங்கிப் பார்த்தால் நீளக் கல் குறுக்கே பிளந்திருந்தது. ஆள் தப்பியது பெரிய விஷயம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவனுடைய வலது கால் தனியாக உதறிக்கொண்டிருந்தது. அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு, அது நிற்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஓட்டல் வாசலில் மூத்தவர் முன்னமே வந்து காத்திருந்தார். கல்லைப் பார்த்தார். முகம் கறுத்தது.

"எப்படிடா?"

கணவன் கல்லைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், கடைசியாக அவளைப் பார்த்தான்.

"இவதாண்ணே. லேசாத்தான் ஆடுச்சு. பயந்துபோய் லீவரை இழுத்துட்டா."

இவ்வளவுதான். பாரத்தை வாலில் வைத்தவர் தப்பினார், பிரேக்கை மிதித்தவன் தப்பினான், கல் உடைந்த பழி அவள் தலையில் விழுந்தது. மூத்தவர் அவளைத் திட்டக்கூட இல்லை. "பொம்பளைய வண்டியில ஏத்தினா இப்படித்தான்" என்று சிரித்தார். தன் தப்பு வெளியே வராமல் போன நிம்மதியில் வந்த சிரிப்பு அது. அந்தச் சிரிப்பு தீர்வதற்குள் பட்டப்பெயரும் வைத்தாயிற்று.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் பேச்செடுத்தாள். "நான் லீவரைத் தள்ளினதாலதானே வண்டி நேரா வந்துச்சு?"

"ஆடினது கொஞ்சம். நீ இழுத்தே, கல்லு உடைஞ்சுது. நான் பார்த்தேன்ல?"

கண்ணிமைக்காமல் சொன்னான். அவள் அதைப் பல நாள் மனத்தில் போட்டுப் புரட்டினாள். மிரண்டு போனவனுக்கு நடந்தது முன்பின்னாகத்தான் நினைவிருக்கும், குலுக்கல் வந்த நேரத்தில் அவன் கண்ணில் பட்டது என் கை, அதனால் கையால்தான் குலுக்கல் வந்தது என்று மனசாரவே நம்புகிறான் என்று முடிவுக்கு வந்தாள். பொய் சொல்லுகிற புருஷனோடு குடித்தனம் நடத்துவது கஷ்டம். தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிற புருஷனோடு நடத்திவிடலாம். அவளும் நடத்தினாள்.

மறுநாளிலிருந்து பக்கத்து இருக்கையில் பட்டறை ஆள் ஒருவன் உட்கார்ந்தான். அவளைக் கொட்டகையில் போட்டுவிட்டார்கள், கல்லுக்கு நடுவே வைக்கிற பழைய போர்வைகளை உதறி மடிக்க. லைசென்ஸ் பேச்சை எடுத்தால் வீடே கூடிச் சிரித்தது. "ரோட்ல போறவங்க உயிர் மேல உனக்கு அக்கறையே இல்லையா?" என்று ஓரகத்தியும் கேட்டாள். வருஷங்கள் ஓடின. கதை சொல்லச் சொல்ல வளர்ந்தது. ஒரு பதிப்பில் அவள் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள், இன்னொன்றில் குதிக்கக் கதவையே திறந்துவிட்டாள். கணவன் திருத்தவில்லை. எல்லோரும் சிரிக்கும்போது கூடவே சிரித்தான். தெரியாமல் சிரிக்கிறான் என்று அவள் விட்டுவிட்டாள்.

இப்போது அவன் முழங்கால் தேய்ந்துபோய்விட்டது. இனி கிளட்ச் மிதிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டியையும் ட்ரெய்லரையும் விற்றுவிடு, உன்னைப் பட்டறையில் உட்காரவைக்கிறேன் என்று மூத்தவர் சொல்லிவிட்டார். அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளே போய்க் கேட்டாள்.

"விக்க வேண்டாங்க. நான் லைசென்ஸ் எடுக்கறேன். நான் ஓட்டறேன், நீங்க பக்கத்துல உக்காந்து வாங்க."

அவன் காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். "உளறாதே."

"எதுக்கு உளறல்? எனக்குத் தெரியாத வேலையா? பாரத்துக்குத் தக்க பிரேக்கை அத்தனை வருஷம் யாரு வெச்சது?"

"அன்னைக்கு நடந்தது மறந்துடுச்சா உனக்கு? ஒரு ஆட்டத்துக்கே உன்னால தாங்க முடியலே. இதுல ஸ்டியரிங் வேற குடுக்கணுமா?"

தப்பான நினைப்பை மனசார நம்புகிறவன், அவனோடு என்ன வாதாடுவது? ஆனாலும் ஆசை விடவில்லை. அந்த இருக்கை அவளுக்கு வேண்டும். போர்வை மடித்தே வாழ்க்கையை முடிக்க அவள் தயாரில்லை. வாங்க ஆள் வருவதற்குள் மறுபடி ஒரு முறை கேட்டுப் பார்ப்போம் என்று இருந்தாள்.

ஆள் மறுநாளே வந்துவிட்டார். பெரிய தொட்டிகளில் மரக்கன்று வளர்த்து விற்கிறவர். அவர் தோட்டம் மேட்டில் இருந்தது, அதனால் இறக்கத்தை நினைத்து அவருக்குப் பயம். வண்டி கொட்டகையின் தகரச் சுவரை ஒட்டிக் கதவு திறந்து நின்றது. அவள் உள்ளே போர்வைக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை விடாமல் காதில் விழுந்தது.

கணவன் நன்றாகத்தான் விளக்கினான். ட்ரெய்லர் கழன்றுகொண்டால் இந்த மெல்லிய கம்பி இந்த ஊசியைப் பிடுங்கும், உடனே ட்ரெய்லரில் இருக்கிற பேட்டரி தானே பிரேக்கைப் பிடிக்கவைக்கும் என்று காட்டினான். இந்தச் சக்கரத்தைப் பாரத்துக்குத் தக்கபடி மாற்றவேண்டும் என்றான். எப்படிப் பார்ப்பது என்று செடிக்காரர் கேட்டபோது, மெதுவாக உருட்டி லீவரைத் தள்ளிப் பார்ப்பதை, பூட்டுவதற்குக் கொஞ்சம் முந்தின இடத்தில் நிறுத்துவதை, ஒன்றுவிடாமல் சொன்னான். கவனித்துத்தான் இருந்திருக்கிறான் என்று அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"இறக்கத்துல பின்னாடி ஆட ஆரம்பிச்சா என்ன பண்றதுங்க? எனக்கு அதுதான் பயமா இருக்கு" என்றார் செடிக்காரர்.

"காலால மட்டும் மிதிச்சுடாதீங்க. மிதிச்சா போச்சு. காலை எடுத்துட்டு இந்த லீவரைத் தள்ளுங்க. ட்ரெய்லர் மட்டும் பிடிக்கும், இழுபட்டு நேரா வந்துடும்."

"அனுபவமா?"

"பின்னே? ஒரு தடவை ஊருக்கு வெளியே பெரிய இறக்கம். அவசரத்துல பாரத்தைப் பின்னாடி ஏத்திட்டாங்க. ஒரு லாரி ஒதுங்காம போச்சு பாருங்க, ட்ரெய்லர் பாம்பு மாதிரி நெளியுது. வேற ஒருத்தனா இருந்தா செத்திருப்பான். நான் காலை எடுத்தேன், இதைத் தள்ளினேன். ஒரே பிடி. நேரா வந்துடுச்சு."

"அப்பாடி! கூட யாராவது இருந்தாங்களா?"

"இல்லீங்க. நான் தனியாத்தான் போனேன்."

அவள் கையிலிருந்த போர்வை பாதி மடிப்பில் நின்றது. அத்தனையும் தெரிந்திருக்கிறது இவனுக்கு. வாலில் ஏற்றிய பாரம் தெரியும், மிதிக்கக்கூடாத கால் தெரியும், காப்பாற்றிய லீவரும் தெரியும். அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரியாதவன் என்று இத்தனை வருஷம் மன்னித்துக்கொண்டிருந்த அவள்தான் உண்மையில் தெரியாதவள்.

செடிக்காரர் ட்ரெய்லரின் டயர்களைத் தட்டிப் பார்க்கப் போனதும் அவள் வெளியே வந்தாள்.

"அப்போ உங்களுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?" என்றவன் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. "வண்டி விக்கறதுக்காக ஒரு கதை சொன்னேன்."

"எது கதை? இவர்கிட்ட சொன்னதா, உங்க அண்ணன்கிட்ட சொன்னதா?"

அவன் செடிக்காரர் இருந்த பக்கம் பார்த்தான். அவள் விடவில்லை. "சொல்லுங்க. அன்னைக்கு காலை எடுங்கன்னு கத்தினது யாரு?"

"மெதுவாப் பேசு." குரல் தழைந்துவிட்டது. "நீதான். போதுமா? கல்லை வெச்சது அண்ணன், மிதிச்சது நான். அவர் மூஞ்சிக்கு நேரா நான் என்னத்தைச் சொல்ல முடியும்? எனக்குக் கால் உதறினதைச் சொல்லணுமா? ஒரு நாள் பேச்சா போயிடும்னு நினைச்சேன். அது இப்படி வளரும்னு யாரு கண்டா?"

"சரி. இப்பவாவது சொல்லுங்க. விக்க வேண்டாம், இவளே ஓட்டுவான்னு சொல்லுங்க. வேற எதுவும் நான் கேக்கலே."

அவன் முழங்காலைத் தடவிக்கொண்டான். சொல்லிவிடுவான் போலத்தான் இருந்தது. "பாக்கலாம், அண்ணன் வரட்டும்" என்றான். பாவி மனசு, அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் அங்கேயே நின்றாள்.

மூத்தவர் வந்தார். பேச்சுவார்த்தை முடித்து, சாவிக்கொத்தைத் தம்பியிடமிருந்து வாங்கிச் செடிக்காரர் கையில் கொடுக்க நீட்டினார். தம்பி வாயைத் திறக்கவில்லை. அவளைக் கண்டதும் மூத்தவருக்கு வழக்கமான குஷி வந்துவிட்டது.

"என்ன பிரேக்கம்மா, வண்டி போகுது! இனிமே எதைப் பிடிச்சு இழுப்பே?" செடிக்காரர் பக்கம் திரும்பினார். "கதை தெரியாதா உங்களுக்கு? ஊருக்கு வெளியே ஒரு இறக்கம். லாரி ஒண்ணு பக்கத்துல போச்சு, ட்ரெய்லர் லேசா ஆடுச்சு. அவ்வளவுதான், இந்தம்மா அலறிப் புடைச்சு லீவரைப் பிடிச்சு ஒரே இழுப்பு! கல்லு ரெண்டு துண்டு!"

செடிக்காரர் புருவத்தைச் சுருக்கினார். இறக்கம், லாரி, லீவர். கணவனைப் பார்த்தார். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் குரல் தெளிவாக வந்தது. "அன்னைக்கு நான் வண்டியிலேயே இல்லை மாமா. உங்க தம்பி தனியாத்தான் போனாராம். அவரையே கேளுங்க."

மூத்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கேட்டியாடா? வண்டியிலேயே இல்லையாம்! வெக்கத்துல இப்போ ஆளே இல்லைங்கறா! இதையும் கதையில சேத்துக்கணும்டா!" பட்டறை ஆட்கள் இரண்டு பேர் ஓடிவந்து என்ன என்று கேட்டு, கேட்டதும் சிரித்தார்கள். செடிக்காரர் அவளை ஒரு தடவை பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அவருக்கு வேண்டியது வண்டி. சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மரியாதைக்குப் பல்லைக் காட்டினார்.

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தலையை நிமிர்த்தினான். அண்ணன் முகத்தைப் பார்த்தான். அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். அவனும் சிரித்தான்.